பருவம் மாறும் வாரங்களில் ஓட்டம் விட்டுப்போகாமல் இருக்க

ஓட்டப் பழக்கம் பெரும்பாலும் உடைவது, ஒரு பருவம் போய் அடுத்தது வரும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான். உச்சக் கோடைக்குள் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கும். கடுங்குளிர் வருவதற்குள் உடுப்பும் நேரமும் மாறியிருக்கும். இடைப்பட்ட வாரங்களுக்குத்தான் யாரும் தயாராக இருப்பதில்லை. வழக்கமாக வெளிச்சமாக இருக்கும் நேரம் திடீரென்று இருட்டாகத் தெரியும். போன வாரம் பேசிக்கொண்டே ஓடிய வேகத்தில் இந்த வாரம் மூச்சு வாங்கும். முதல் மழையில் நனைந்த ஷூ மறுநாள் காலையிலும் ஈரமாகவே கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தின்னும். மூன்று நாள் போய்விட்டால் நான்காவது நாள் அலாரம் அடித்தாலும் கை தானாக அதை அணைத்துவிடும்.

இந்த வாரங்களில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. வாட்ச் காட்டும் வேகத்தைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். ஓடும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளலாம். பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: வாரத்தில் வெளியே இறங்கும் நாட்கள், அந்த நாட்களில் உடம்பு போடும் உழைப்பின் அளவு. வேகம் வேறு, உழைப்பு வேறு. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்பது வேகம். அதை ஓடும்போது இதயம் எவ்வளவு துடிக்கிறது, மூச்சு எவ்வளவு இறுகுகிறது என்பது உழைப்பு. வானிலை மாறும்போது இரண்டும் பிரிந்துவிடும். அந்த நாட்களில் வேகத்தைத் துரத்துகிறவர்கள்தான் களைத்துப்போய் நிறுத்துகிறார்கள்.

உழைப்பின் அளவைப் பிடித்துக்கொள்வதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1980களின் முற்பாதியில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சனும் அவருடைய குழுவினரும், வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு, அடுத்த 15 வாரம் பயிற்சியைக் குறைத்துப் பார்த்தார்கள். வாரம் 4 நாள் அல்லது 2 நாள் என்று குறைத்தபோதும், 40 நிமிடத்தை 26 அல்லது 13 நிமிடமாகக் குறைத்தபோதும், உடம்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு ஏறக்குறைய அப்படியே நின்றது. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் அது இறங்கியது. 13 நிமிடத்துக்குக் குறைத்தவர்களுக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் மட்டும் குறைந்தது. மழையோ இருட்டோ நேரத்தைச் சுருக்கும் வாரத்தில் 25 நிமிட ஓட்டமே போதும் என்று துணிந்து சொல்ல இந்த முடிவுகள் இடம் தருகின்றன. அந்த 25 நிமிடத்துக்குள் மூச்சு இறுகும் பகுதி ஒன்று, வாரத்தில் ஓரிரு நாளாவது, இருக்க வேண்டும். உதாரணமாக 10 நிமிடம் மெதுவாக ஓடி, பிறகு 1 நிமிடம் வேகம், 1 நிமிடம் மெதுவாக என்று ஐந்து முறை, கடைசியில் 5 நிமிடம் தளர்ந்த ஓட்டம்.

வெயில் ஏறும்போது

பருவ மாற்றங்களில் உடம்பை அதிகம் சோதிப்பது குளிரிலிருந்து வெயிலுக்குப் போவது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 600 கிலோகலோரி. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளிவருகிறது, ஆக 450 கிலோகலோரிக்கு மேல். இதை வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெளியேறும். காற்றும் சூடாக இருந்து, வெப்பம் வேறு வழியில் போக முடியாத நாளில், முக்கால் லிட்டருக்கும் மேல் வியர்வை தோலிலேயே ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. ஆவியாகாமல் விழுந்த நீர் வீண்.

காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாது. ஆகவே வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது. ஈரப்பத சதவீதமும் ஏமாற்றும், ஏனென்றால் காற்றிலுள்ள ஈரம் மாறாவிட்டாலும் வெப்பநிலை ஏறினால் அது இறங்கும், வெப்பநிலை இறங்கினால் ஏறும். அதிகாலையில் 90 சதவீதம் என்று காட்டினாலும் குளிர்ந்த நாளில் அது தொந்தரவே இல்லை. பார்க்க வேண்டியது பனிப்புள்ளி. காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீர்த்துளியாக மாறத் தொடங்குமோ அந்த அளவு அது. பெரும்பாலான வானிலைச் செயலிகள் இதையும் காட்டும். பனிப்புள்ளி 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் வழக்கம்போல் ஓடலாம். 15 முதல் 20 வரை என்றால் கிலோமீட்டருக்கு 5 முதல் 15 விநாடி தளர்த்திக்கொள்ளுங்கள். 20 முதல் 24 வரை என்றால் 15 முதல் 30 விநாடி. 24-ஐத் தாண்டினால் அன்றைக்கு வேகப் பயிற்சி வேண்டாம், மெதுவான ஓட்டம் மட்டும். இது தோராயக் கணக்குதான். எடை கூடியவர்களுக்கும் நிழலில்லாத பாதையில் ஓடுபவர்களுக்கும் இன்னும் தளர்வு தேவைப்படும்.

இன்னொரு விஷயம், வெயிலில் இதயத் துடிப்பு நடுவழியில் தானாக ஏறும். தசைக்குப் போகும் ரத்தத்தில் ஒரு பங்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகிறது. வியர்வையால் ரத்தத்தின் நீர் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் அதிக முறை துடித்து ஈடுகட்டுகிறது. 20-ஆவது நிமிடத்தில் 145 இருந்தது, அதே வேகத்தில் 50-ஆவது நிமிடத்தில் 160 ஆகியிருந்தால் தகுதி குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மெதுவான ஓட்ட நாளில் துடிப்புக்கு ஒரு மேல்வரம்பு வைத்துக்கொண்டு, அதைத் தொட்டதும் ஒரு நிமிடம் நடந்துவிட்டுத் தொடருங்கள். வாட்ச் இல்லாதவர்களுக்கு எளிய அளவுகோல்: முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம்.

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் நான்கைந்து நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, துடிப்பு சற்று இறங்குகிறது. அடுத்த வாரத்தில் வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகம் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. இதற்கு ஓர் அட்டவணை தேவை. முதல் 4 நாள் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முழுக்க மெதுவாக. 5-ஆம் நாளிலிருந்து 9-ஆம் நாள் வரை 40 முதல் 50 நிமிடம், அதுவும் மெதுவாகத்தான். அதன் பிறகு 20 விநாடி வேக ஓட்டங்கள் நான்கைந்து சேர்க்கலாம். இரண்டு வாரம் முடிந்த பிறகே இன்டர்வல் (வேகமும் மெதுவுமாக மாறி மாறி ஓடுவது), டெம்போ (சற்றுக் கடினமான ஒரே வேகத்தில் விடாமல் ஓடுவது) போன்றவை. அதுவரை வாரத்தின் கடினப் பயிற்சியை, அன்றைய குளிர்ந்த நேரத்திலோ டிரெட்மில்லிலோ வைத்துக்கொண்டால் தீவிரம் கைவிட்டுப் போகாது. இப்படிப் பழகியதும் நிரந்தரம் இல்லை. இரண்டு மூன்று வாரம் வெப்பத்தில் உழைக்காமல் இருந்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். நடுவில் குளிர்ந்த ஊருக்குப் போய்வந்தவர்கள் இதை மறந்துவிட்டு முதல் நாளே பழைய வேகத்தில் இறங்குவதுதான் ஆபத்து.

தண்ணீர் எவ்வளவு என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் வியர்க்கும், இன்னொருவருக்கு இரண்டு லிட்டர். உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். நடுவில் குடித்த தண்ணீரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 60.0 கிலோ 59.1 ஆகியிருக்கிறது, நடுவில் 300 மில்லி குடித்திருக்கிறீர்கள் என்றால், இழப்பு 900 கிராமோடு 300 சேர்த்து 1.2 லிட்டர். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை இதைச் செய்து குறித்து வையுங்கள். இழந்ததை முழுவதும் ஓடும்போதே நிரப்பத் தேவையில்லை. எடை இழப்பு 2 சதவீதத்துக்குள் இருந்தால் பலருக்குப் போதும்.

ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அது வெறும் வயிற்றுப் பொருமலோடு நிற்காது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்ட நேரம் மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் நிறுத்தத்திலும் குடிப்பவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தாகத்துக்கேற்ப வெறும் தண்ணீர் போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களுக்கு உப்பு கலந்த பானம் உதவும். தொப்பியிலும் பனியனிலும் வெள்ளைக் கோடாக உப்பு படிபவர்களுக்கு அது கூடுதலாகவே தேவைப்படும்.

வெயிலில் ஓடும்போது உடம்பு சிலிர்த்துக் குளிர்வதுபோல் இருந்தால், தலை சுற்றினால், குமட்டினால், உடனே நிறுத்தி நிழலுக்குப் போங்கள். கூட ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, கோபமாக முரண்டு பிடித்தாலோ அது வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்த்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. ஓட்டத்தால் வரும் வெப்பவாதத்தில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய நிலை அது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். தொட்டியில் குளிர்ந்த நீரோ ஐஸ் தண்ணீரோ இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்து வரை அமிழ்த்துவது சிறந்தது. இல்லையென்றால் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஈரத் துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வெளிச்சம் நழுவும்போது

பகல் நீளம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக மாறுவதில்லை. மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய வாரங்களில்தான் மிக வேகமாக மாறும். ஜூன், டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய நின்றுவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இது பெரிதாகத் தெரியாது. 50 டிகிரி அட்சரேகையில் நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம், அதாவது வாரத்துக்கு அரை மணி நேரத்துக்கு அருகில். காலை, மாலை இரண்டிலும் பாதிப் பாதியாக அது போகும். செப்டம்பர் தொடக்கத்தில் வெளிச்சத்தில் ஓடியவர் அக்டோபர் தொடக்கத்தில் இருட்டில் நிற்பார்.

ஆகவே மாற்றத்தை ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: நேரத்தை மாற்றுவது அல்லது இருட்டில் ஓடத் தயாராவது. நேரத்தை மாற்றுவதாக இருந்தால், அலாரத்தை மாற்றுவதற்கு முன், படுக்கும் நேரத்தை வாரத்துக்கு 15 நிமிடம் நகர்த்துங்கள். படுக்கும் நேரம் மாறாமல் அலாரம் மட்டும் மாறினால் பத்து நாளில் தூக்கக் கடன் ஏறி எல்லாம் சரியும். காலையில் ஓடுபவர் மாலைக்கு மாறுவதென்றால், வேலை முடிந்த இடத்திலிருந்தே ஓடிவிடுவது நல்லது. வீட்டுக்குப் போய் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் கிளம்புவது கடினம்.

இருட்டில் ஓடுவதாக இருந்தால், தெருவிளக்கு இல்லாத பாதைக்கு 200 லூமனுக்குக் குறையாத ஹெட்லேம்ப் வேண்டும். தலையில் கட்டும் விளக்கில் நிழல்கள் தட்டையாகத் தெரிவதால் பள்ளமும் மேடும் ஒன்றுபோல் இருக்கும். இடுப்பில் கட்டும் விளக்கு தாழ்வான கோணத்தில் வெளிச்சம் போடுவதால் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். நெஞ்சில் மட்டும் ஒளிரும் பட்டை கட்டிக்கொள்வது போதாது. கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால், அசையும் விதத்தைப் பார்த்தே ஓட்டுநர்கள் மனிதர் என்று அடையாளம் காண்கிறார்கள். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடும் பக்கத்தில் ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். புதிய பாதையை இருட்டில் முதல்முறையாக முயற்சிக்காமல், பகலில் ஒருமுறை நடந்து பார்த்த இரண்டு கிலோமீட்டர் சுற்றையே திரும்பத் திரும்ப ஓடுவது நல்லது. சலிப்பாக இருக்கும், ஆனால் கணுக்கால் பிசகாது.

மழை

மழையில் ஓடுவதைவிட மழைக்கு மறுநாள் ஓடுவதுதான் பலருக்குத் தடை, காரணம் ஷூ. அதைக் காயவைக்க ஒரு முறை இருக்கிறது. வந்தவுடன் லேஸைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, இன்சோலை (பாதம் படும் உள்தகட்டை) கழற்றித் தனியே வையுங்கள். சேறு இருந்தால் சாதாரணத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் நனைந்து தொய்ந்திருக்கும், அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வையுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது முறையைத்தான், நனைந்த தாளை இரவெல்லாம் உள்ளே வைத்தால் ஈரம் அங்கேயே நிற்கும். படுக்கப் போகும்முன் மூன்றாவது முறை மாற்றி, மின்விசிறிக் காற்று ஷூவின் வாய்க்குள் போகும்படி சாய்த்து வைத்தால் காலையில் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஹீட்டர் மேலும், அடுப்பின் அருகிலும், கடும் வெயிலிலும் வேண்டாம். பசை விட்டுப்போகும், மிட்சோல் (அதிர்வைத் தாங்கும் நடு அடுக்கு) நுரை சுருங்கும். மழைக்காலம் முழுவதற்கும் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதே நிம்மதி. மொத்தச் செலவு அதிகமாகாது, ஏனென்றால் இரண்டும் தனித்தனியே தங்கள் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும்.

நீர் புகாத ஷூ மழைக்கு நல்லது என்பது பாதி உண்மை. தூறலுக்கும் ஈரப் புல்லுக்கும் சரி. கணுக்கால் வழியாக ஒருமுறை தண்ணீர் உள்ளே போய்விட்டால் வெளியே வர வழியில்லை. கொட்டும் மழைக்கு, தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும் வலைத்துணி ஷூவே மேல். பருத்தி சாக்ஸ் நனைந்தால் மடிந்து கொப்புளம் போடும், செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி இழை சாக்ஸ் போடுங்கள். தொடை இடுக்கு, அக்குள், மார்புக் காம்பு, இடுப்புப் பட்டி படும் இடம் ஆகியவற்றில் பெட்ரோலியம் ஜெல்லி தடவாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நனைந்து ஓடினால் தோல் உரிந்துவிடும். முன்விளிம்புள்ள தொப்பி ஒன்று இருந்தால் கண்ணில் தண்ணீர் அடிக்காது, மழையில் ஓடும் அலுப்பு பாதி குறைந்துவிடும்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். சாலையில் போட்ட வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், காய்ந்து விழுந்த இலைகள் ஆகியவற்றின் மேல் கால் வைக்காதீர்கள். அடி தெரியாத தேங்கிய தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். இடி மின்னலுக்கு ஒரே விதி: மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். மரத்தடி ஒதுங்கும் இடம் இல்லை.

குளிர்

குளிரில் ஓடுவது உண்மையில் சுகம். நீண்ட ஓட்டத்துக்கு உடம்பு நன்றாக ஒத்துழைப்பது 10 டிகிரியை ஒட்டித்தான். கெடுப்பது உடுப்பு. வெளியே இருக்கும் வெப்பநிலையோடு 10 டிகிரி கூட்டி, அந்த வானிலைக்கு நடக்கப் போவதுபோல் உடுத்துங்கள். முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே இதமாக இருந்தால் 15 நிமிடத்தில் வியர்த்து நனைந்துவிடுவீர்கள், பிறகு அந்த ஈரமே குளிர வைக்கும். 10 டிகிரிக்கு ஒரு நீளக்கைச் சட்டை போதும். 5-க்குக் கீழே கையுறையும் காதை மூடும் பட்டையும். 0-க்குக் கீழே, வியர்வையை வெளியே கடத்தும் உள்சட்டை, மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். மேலும் குளிர்ந்தால் நடுவில் இன்னொரு அடுக்கு. எந்த அடுக்கிலும் பருத்தி வேண்டாம்.

காற்று அடிக்கும் நாளில் எதிர்க்காற்றில் கிளம்பி, முதுகில் காற்று படும்படி திரும்புங்கள். மாறிச் செய்தால் வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் வர வேண்டியிருக்கும். குளிர்ந்த வறண்ட காற்றில் சிலருக்கு நெஞ்சு இறுகும், இருமல் வரும். மூச்சுக்குழல் உலர்ந்து சுருங்குவதால் அப்படி ஆகிறது. வாய் மூக்கை மூடும் துணிக்குழாய் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உள்ளேயே 10 நிமிடம் வார்ம்-அப் செய்துவிட்டு வெளியே இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூச்சில் சீட்டியடிப்பதுபோல் சத்தம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமாவின் அறிகுறியாக இருக்கலாம்.

வெப்பநிலை 0-வை ஒட்டி இருக்கும் காலைகளில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். பாலங்கள் மேலும் நிழல் விழும் வளைவுகளிலும் அது கடைசி வரை உருகாது. நடையைக் குறுக்கி, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே வையுங்கள், திருப்பங்களில் நடந்துவிடுங்கள். வாரக்கணக்கில் பனி படியும் இடம் என்றால் ஷூவின் மேல் மாட்டும் சிறு ஆணிச் சங்கிலி வாங்கிவிடுவது உத்தமம். மிட்சோல் நுரை குளிரில் இறுகி, அடிபடுவதுபோல் தோன்றும். ஷூவை வாசலில் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்தால் முதல் கிலோமீட்டர்கள் மென்மையாக இருக்கும். முடிந்ததும் ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஈர உடையை மாற்றிவிடுங்கள். குளிரில் தாகம் மங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலக் காலைகளில் காற்று அசையாமல் தரையோடு தேங்கும் நாட்களில் புகை மாசும் அங்கேயே நிற்கும். நெரிசலான சாலைப் பக்கம் ஓடுபவர்கள் அந்த நாட்களில் நண்பகலை ஒட்டி மாற்றிக்கொள்வது நுரையீரலுக்கு நல்லது. மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வசந்தத்தில், காற்று வீசும் வறண்ட நாட்கள் மோசம், நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு சுலபம். வந்ததும் குளித்துத் துணியை மாற்றினால் இரவு மூக்கடைப்பு குறையும்.

டிரெட்மில்

வெளியே போகவே முடியாத நாட்களுக்கு டிரெட்மில் நல்ல துணை. எதிர்க்காற்று இல்லாததை ஈடுகட்ட 1 சதவீத ஏற்றம் வைக்கச் சொல்வது 1996-இல் ஜோன்ஸ், டௌஸ்ட் இருவரும் செய்த ஆய்விலிருந்து வந்தது. அவர்கள் சோதித்தது ஏறக்குறைய மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீட்டர் வரையான வேகங்களை. அதற்கும் மெதுவாக ஓடுபவர்கள் சமதளத்திலேயே ஓடலாம். முகத்துக்கு நேரே மின்விசிறி வைக்காமல் ஓடினால் அறைக்குள்ளேயே வெயில் ஓட்டத்தின் எல்லாச் சிக்கலும் வரும். ஒரே நடை திரும்பத் திரும்ப விழுவதால் தசைநாண் வலி வராமல் இருக்க, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றத்தையோ வேகத்தையோ சற்று மாற்றுங்கள்.

விட்டுப்போன நாட்களுக்குப் பிறகு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பருவம் மாறும்போது சளியும் காய்ச்சலும் வரும். மூக்கொழுகல் மட்டும் என்றால் மெதுவாக 20 நிமிடம் ஓடிப் பார்க்கலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருந்தால் ஓடக் கூடாது. காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். காய்ச்சல் விட்டு, உடம்பு தெளிந்து, ஓரிரு நாள் நடந்து பார்த்த பிறகே ஓட்டம்.

ஒரு வாரம் விட்டிருந்தால் முதல் இரண்டு நாள் மெதுவாக ஓடிவிட்டு வழக்கத்துக்குத் திரும்பலாம். அந்த முதல் நாள் மூச்சு வாங்குவது பெரும்பாலும் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்ததால்தான், சில நாளில் திரும்பிவிடும். இரண்டு வாரம் என்றால் பழைய வாரத் தூரத்தில் 70 சதவீதத்தில் தொடங்குங்கள், வேகப் பயிற்சி அடுத்த வாரம். நான்கு வாரம் என்றால் பாதியில். அதற்கும் மேல் போயிருந்தால் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று எட்டு முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அது வலியில்லாமல் மூன்று தடவை முடிந்தால் ஓட்டத்தை 5 நிமிடமாக்குங்கள். நுரையீரலும் இதயமும் இரண்டு மூன்று வாரத்தில் தெம்பாகிவிடும், எலும்பும் தசைநாணும் அதற்குப் பின்னால்தான் வரும். முன்காலெலும்பை விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் விறைத்து வலித்தாலோ, மூச்சு எவ்வளவு எளிதாக இருந்தாலும் அந்த வாரம் தூரத்தைக் கூட்டாதீர்கள். ஒரே புள்ளியில் வலிக்கும் எலும்பு வலி ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு ஓடுங்கள்.